பிரின்ரர் வாங்கப் போறீங்களா? முதலில் பக்கங்களை எண்ணுங்கள்

புதிதாய் வந்தவர்களுக்கான பாடம்: வீட்டுக்கும் சின்ன அலுவலகத்துக்கும் ஏற்ற அச்சுப்பொறி



ஒரு வியாழக்கிழமை பின்னேரம் யூனியன்வில்லில் உள்ள எங்கள் உதவி மேசைக்கு ஒரு தம்பி வந்தார். கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. பைக்குள் ஐம்பது தாள் வரை இருக்கும். அவருடைய அகதிக் கோரிக்கை விசாரணைக்கு இன்னும் 13 நாள்தான் இருந்தது.

"அண்ணை, எல்லாத்தையும் வீட்டிலையே பிரின்ற் எடுத்திட்டன். ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்றார்.

பார்த்தோம். தகப்பனாரின் மரண அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியில் கீழ்ப்பகுதி இல்லை. பதிவாளரின் கையெழுத்தும் சீலும் அந்தக் கீழ்ப்பகுதியில்தான் இருந்திருக்கின்றன. கிராம சேவகர் கொடுத்த கடிதத்தில் ஊதா நிறச் சீல் வெறும் சாம்பல் நிழலாக விழுந்திருந்தது. கடைசிப் பத்துப் பக்கமும் கோடு கோடாய் வெளிறிப் போயிருந்தன.

"மை முடிஞ்சு போச்சுது அண்ணை. மெஷின் எழுபது டொலர்தான். மைக்கு முப்பது கேக்கிறாங்கள்."

"மூலப் பத்திரம் எங்கை தம்பி?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு முகம் மாறிவிட்டது. "ஐயோ, அந்த மெஷின்ரை கண்ணாடிக்குள்ளையே கிடக்குதண்ணை."

அவர் இருப்பது ஆறு பேர் வாடகைக்கு இருக்கும் ஒரு பேஸ்மன்ற். நல்ல வேளை, பத்திரம் அங்கேயே கிடந்தது. அடுத்த நாள் காலை நூலகத்தில் திரும்பப் பிரதி எடுத்து, அன்றைக்கே லோயரின் கையில் கொடுத்தார். காரியம் முடிந்தது. ஆனால் ஒரு நாள் பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அதனால்தான் இந்தப் பாடம்.

1. உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது என்ன?

1985 ஏப்ரல் 4 அன்று கனடிய உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. அகதிக் கோரிக்கையாளர் ஒருவரின் நம்பகத்தன்மை கேள்விக்குள்ளாகும் இடத்தில் அவரை நேரில் கேட்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இன்று நீங்கள் விசாரணையில் உங்கள் வாயால் கதை சொல்ல முடிவது அதனால்தான். ஆனால் உங்களுக்கு முன்னே உங்கள் தாள்கள் போய்விடும். உறுப்பினர் உங்களைக் காண முதல் உங்கள் பிரதிகளைத்தான் காண்கிறார்.

அகதிகள் பாதுகாப்புப் பிரிவின் விதிகள் தாள்களைப் பற்றியும் பேசுகின்றன. நீங்கள் தயாரித்துக் கொடுக்கும் எழுத்து 12 புள்ளி அளவுக்குச் சிறியதாக இருக்கக் கூடாது. தாள் எட்டரை அங்குலத்துக்குப் பதினொரு அங்குலம். பிரதிகள் தெளிவாக இருக்க வேண்டும். பக்கங்களுக்குத் தொடராக இலக்கம் இட வேண்டும். பத்திரங்களின் பட்டியல் ஒன்று சேர்க்க வேண்டும். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள பத்திரத்துக்கு ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் கையொப்பமிட்ட உறுதிமொழியும் வேண்டும். இவை விசாரணைத் திகதிக்குக் குறைந்தது 10 நாளுக்கு முன்னர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அனுப்பிய நாள் கணக்கில்லை, கிடைத்த நாள்தான் கணக்கு. உங்கள் வழக்குக்குரிய நாட்களை அறிவித்தல் கடிதத்திலும் லோயரிடமும் சரிபாருங்கள்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். இதில் பாதி வேலை அச்சடிப்பது. மற்றப் பாதி ஸ்கான் பண்ணுவதும் பிரதி எடுப்பதும். இன்றைக்குப் பல படிவங்களும் பத்திரங்களும் இணையம் வழியாகவே போகின்றன. ஆகவே, ஸ்கானர் இல்லாத பிரின்ரர் புதிதாய் வந்த ஒருவருக்கு அரைவாசி உதவிதான்.

இன்னொன்று. சட்ட உதவிச் சான்றிதழ் உள்ளவர்கள் மொழிபெயர்ப்புக்கும் பிரதிகளுக்கும் கைக்காசு செலவழிக்க முதல் லோயரிடம் கேளுங்கள். ஒன்ராறியோ சட்ட உதவி அமைப்பு அத்தகைய செலவுகளை ஏற்கும் இடங்கள் உண்டு. கேட்காமல் செலவழித்துவிட்டுப் பிறகு காசு கேட்பது கரைச்சல்.

2. கணக்கைப் போட்டுப் பாருங்கள்

கடையில் பிரின்ரரின் விலை பெரிதாய் எழுதியிருக்கும். ஒரு பக்கத்தின் விலையை ஒருவரும் எழுதுவதில்லை. அதை நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். வழி சுலபம்: மை டப்பாவின் விலையை, அந்த டப்பா தரும் பக்கங்களின் எண்ணிக்கையால் பிரியுங்கள். பக்க எண்ணிக்கை பெட்டியிலேயே இருக்கும்.

ஒரு உதாரணம். கீழே உள்ளவை கணக்குப் பழகுவதற்காக நாங்கள் எடுத்த இலக்கங்கள். நீங்கள் போகும் கடையின் விலையை வைத்துத் திரும்பச் செய்யுங்கள்.

அ) மலிவான மை பிரின்ரர்: மெஷின் 70 டொலர். கறுப்பு மை 30 டொலர், 200 பக்கம் வரும். ஒரு பக்கம் 15 சதம்.

ஆ) கறுப்பு வெள்ளை லேசர் பிரின்ரர்: மெஷின் 200 டொலர். ரோனர் 80 டொலர், 1,600 பக்கம் வரும். ஒரு பக்கம் 5 சதம்.

இ) நூலகம்: மெஷினுக்குச் செலவில்லை. ஒரு பக்கம் 20 சதம் என்று வைப்போம்.

300 பக்கம் எடுத்தால்: நூலகம் 60 டொலர், மலிவு மெஷின் 115 டொலர், லேசர் 215 டொலர்.

600 பக்கம் எடுத்தால்: நூலகம் 120, மலிவு மெஷின் 160, லேசர் 230.

2,000 பக்கம் எடுத்தால்: நூலகம் 400, மலிவு மெஷின் 370, லேசர் 300.

மூன்று வரியையும் இன்னொருக்கால் பாருங்கள். குறைந்த பக்கத்துக்கு நூலகம் வெல்லுகிறது. கூடிய பக்கத்துக்கு லேசர் வெல்லுகிறது. இந்தக் கணக்கில் இரண்டும் மாறும் இடம் ஏறத்தாழ 1,300 பக்கம். அந்த 70 டொலர் மெஷின் எந்த வரியிலும் முதலாவதாய் வரவில்லை. எல்லாரும் முதலில் வாங்குவதும் அதைத்தான்!

இதற்கு மேல் ஒன்ராறியோவில் 13 சதவீத வரி சேரும் என்பதை மறக்க வேண்டாம். அந்த வரி மெஷினுக்கும் உண்டு, மைக்கும் உண்டு.

3. மையா, தூளா?

மை பிரின்ரர், அதாவது இன்க்ஜெட், திரவ மையை மிக நுண்ணிய துவாரங்களால் தாளில் தெளிக்கிறது. லேசர் பிரின்ரர் திரவம் பாவிப்பதில்லை. ரோனர் என்ற நுண்ணிய பிளாஸ்ரிக் தூளைத் தாளில் ஒட்டி, சூடாக்கி உருக்கிப் பதிக்கிறது. தாள் சூடாய் வெளியே வருவது அதனால்தான்.

இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து மூன்று விஷயம் வருகிறது.

முதலாவது, மை காயும். தூள் காயாது. மாதத்துக்கு நாலு பக்கம் எடுக்கிற வீட்டில் மை பிரின்ரரின் துவாரங்கள் அடைத்துப் போகும். அடைப்பை எடுக்க மெஷின் தானாகவே மையைக் கக்கித் துப்புரவு செய்யும். நீங்கள் ஒரு பக்கமும் எடுக்காமலே மை குறைவது இப்படித்தான். பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கை ஐ.எஸ்.ஓ. தர முறைப்படி தொடர்ச்சியாக அச்சடித்து அளந்தது. விட்டு விட்டு எடுக்கும் வீட்டில் அவ்வளவு வராது.

இரண்டாவது, சாதாரண இன்க்ஜெட் எழுத்து நனைந்தால் ஊறும். பனிக்காலத்தில் பஸ்சுக்கு நின்று, ஈரக் கையுறையோடு உறையைத் திறக்கும்போது தெரியும். லேசர் எழுத்து ஈரத்துக்கு அசையாது.

மூன்றாவது, நிறப் படம் வேண்டுமென்றால் இன்க்ஜெட்தான் மலிவாய்க் கொடுக்கும். பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலைக்கு நிறம் அடிக்கடி தேவைப்பட்டால் அதையும் யோசியுங்கள். போத்தலிலிருந்து மை ஊற்றும் தாங்கி வகை இன்க்ஜெட்டும் இருக்கிறது. மெஷின் விலை கூட, பக்க விலை குறைவு. ஆனால் அதையும் ஓடவிடாமல் மாதக்கணக்கில் வைத்தால் துவாரம் அடைக்கும்.

புது மெஷினோடு வரும் முதல் ரோனர் அல்லது மை பெரும்பாலும் முழுதாய் நிரப்பியது அல்ல. "இந்தப் பெட்டிக்குள்ளை வாற ரோனர் எத்தினை பக்கத்துக்கு?" என்று கடையில் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

4. எங்கள் தாள் வேறு, இவர்கள் தாள் வேறு

தம்பியின் பத்திரத்தில் சீல் ஏன் வெட்டுப்பட்டது? மெஷினில் பிழையில்லை. அவரிலும் பிழையில்லை. இலங்கையில் நாங்கள் பாவிப்பது ஏ4 தாள்: அகலம் 210 மில்லிமீற்றர், நீளம் 297 மில்லிமீற்றர். கனடாவில் லெற்றர் தாள்: அகலம் 216, நீளம் 279. இங்கத்தைத் தாள் 18 மில்லிமீற்றர் கட்டை. ஊர்ப் பத்திரங்களில் சீலும் கையெழுத்தும் திகதியும் எங்கே இருக்கும்? அடியில்தான். அந்த 18 மில்லிமீற்றருக்குள்தான் எல்லாம் போய்விடுகிறது.

செய்ய வேண்டியது இது. பிரதி எடுக்கும்போது 'ஃபிற் ரு பேஜ்' என்ற தெரிவைப் போடுங்கள், அல்லது 94 சதவீதமாகக் குறையுங்கள். ஏ4 முழுதாய் லெற்றரின் நீளத்துக்குள் வந்துவிடும். மெஷின் ஓரத்தில் வெள்ளை விட்டு அடிக்கும் என்றால் 92 அல்லது 90 போட்டுப் பாருங்கள். பழைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள் சில ஏ4 இலும் நீளம். அவற்றை இன்னும் குறைக்க வேண்டிவரும். குறைத்த பிறகு சிறிய எழுத்துகள் வாசிக்கக் கூடியதாய் இருக்கிறதா என்று பாருங்கள். வாசிக்க முடியாவிட்டால் இரண்டு பக்கமாக, மேற்பாதி ஒன்று கீழ்ப்பாதி ஒன்று என எடுத்து, லோயரிடம் காட்டுங்கள்.

இதே காரணத்தால் இன்னொரு கரைச்சலும் வரும். ஊரிலிருந்து கொண்டுவந்த கொம்பியூட்டரிலோ, ஊரிலிருந்து வந்த கோப்பிலோ தாள் அளவு ஏ4 என்று இருக்கும். பிரின்ரர் 'லோட் ஏ4' என்று காட்டி மினுங்கிக்கொண்டு நிற்கும். பழுதாய்ப் போச்சு என்று நினைக்க வேண்டாம். தாள் அளவை லெற்றர் என்று மாற்றினால் ஓடும்.

தமிழ்க் கடிதம் ஒன்றை ஊரிலிருந்து அனுப்பச் சொன்னால் பி.டி.எஃப். ஆக அனுப்பச் சொல்லுங்கள். பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் ஆங்கில எழுத்துக் குப்பையாய்த்தான் தெரியும்.

5. ஸ்கானரைப் பார்த்து வாங்குங்கள்

ஸ்கானர் இரண்டு விதம். மூடியைத் திறந்து கண்ணாடியில் வைப்பது ஒன்று. மேலே அடுக்கிவிட்டால் தாளைத் தானே இழுப்பது மற்றது. இழுக்கும் வகை முப்பது பக்கப் படிவத்துக்கு நல்லது. ஆனால் மடித்து மடித்து மடிப்பில் கிழிந்த பத்திரத்தை ஒருநாளும் அதற்குள் விடாதீர்கள். அது இழுத்துக் கிழித்தால் ஊரில் போய் இன்னொன்று எடுக்க உங்களுக்கு வழி இருக்குமா? இரண்டும் உள்ள மெஷினே சிறந்தது. ஒன்றுதான் கிடைக்குமென்றால் கண்ணாடி உள்ளதை எடுங்கள்.

ஸ்கான் பண்ணும்போது நிறத்தில் பண்ணுங்கள், பத்திரம் கறுப்பு வெள்ளையாய்த் தெரிந்தாலும். நீலச் சீல், ஊதாச் சீல், சிவப்புக் கையெழுத்து எல்லாம் நிறத்தில்தான் பிரித்துத் தெரியும். தெளிவு 300 போதும். அதற்கு மேல் போனால் கோப்பு பெரிதாகி, ஏற்றும் இடத்தில் ஏற்க மாட்டாது.

மூலப் பத்திரத்தை லமினேற் பண்ண வேண்டாம், அதில் எழுத வேண்டாம், ஸ்ரேப்பிள் அடிக்க வேண்டாம். விசாரணையில் மூலத்தைக் காட்ட வேண்டும்.

6. இலவசமாய் வரும் மெஷினும் மாதக் கட்டணமும்

"அண்ணை, மாமா வீட்டிலை ஒண்டு சும்மா கிடக்குது, எடுத்துக்கொண்டு போகச் சொன்னவர்." நல்ல மனம்தான். எடுக்க முதல் மூன்றைப் பாருங்கள். அதற்குரிய மை இன்னும் விற்பனையில் இருக்கிறதா? என்ன விலை? உங்கள் கொம்பியூட்டரோடு அது பேசுமா? சும்மா வந்த மெஷினுக்கு எழுபது டொலருக்கு மை வாங்கியவர்களைக் கண்டிருக்கிறோம். பழையதைக் காசு கொடுத்து வாங்கினால், விற்பவரின் கண் முன்னாலேயே ஒரு பக்கம் அச்சடித்து, ஒரு பக்கம் ஸ்கான் பண்ணிப் பாருங்கள்.

சில மெஷின்கள் மாதக் கட்டணத் திட்டத்தோடு வருகின்றன. மை வீட்டுக்கு வரும், கடன் அட்டையில் மாதாமாதம் காசு போகும். திட்டத்தை நிறுத்தினால் அந்தத் திட்டத்தில் வந்த மை டப்பா வேலை செய்யாது, உள்ளே மை இருந்தாலும். மாதம் எத்தனை பக்கம் எடுப்போம் என்று தெரியாத முதல் வருடத்தில் இதில் கையெழுத்து வைக்க வேண்டாம். எதை வாங்கினாலும் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். எத்தனை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று கேட்டுவையுங்கள்.

7. உங்கள் கதை உங்களுடையது

கனடாவில் அகதிக் கோரிக்கை விசாரணைகள் பொதுவாகத் தனிப்பட்ட முறையில்தான் நடக்கின்றன. சட்டம் உங்கள் கதையைப் பூட்டி வைக்கிறது. நாங்கள்தான் அதைப் பிரின்ரர் தட்டில் திறந்து போட்டுவிட்டு வருகிறோம்.

கோரிக்கைக்கான காரணங்களை எழுதும் பி.ஓ.சி. படிவத்தில் ஊரில் இருக்கும் உங்கள் உறவுகளின் பெயரும் இருக்கும். அதனால்:

நண்பர் வேலை செய்யும் இடத்தில் களவாய் அச்சடிக்கக் கொடுக்க வேண்டாம். நூலகக் கொம்பியூட்டரில் வேலை முடிந்ததும் மின்னஞ்சலிலிருந்து வெளியேறி, இறக்கிய கோப்பை அழியுங்கள். பிழையாய் விழுந்த தாளை முழுதாய்க் குப்பையில் போடாமல் கிழித்துப் போடுங்கள். பலர் இருக்கும் வீட்டில் வைஃபை வழியாக அனுப்பினால் மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்று எடுங்கள். எழும்ப முதல் மூடியைத் திறந்து கண்ணாடியைப் பாருங்கள். இதைப் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

8. அப்ப நாங்கள் எதை வாங்கிறது?

தனி ஆளாய் வந்து, விசாரணைக்குக் காத்திருப்பவர்: இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். மார்க்கம் வாசிகளுக்கு மார்க்கம் பொது நூலக அட்டை இலவசம். யூனியன்வில் நூலகம் மெயின் ஸ்ரீற்றுக்குக் கிட்ட இருக்கிறது. தெற்குப் பக்கம் இருப்பவர்களுக்குக் கென்னடி வீதியில் மில்லிகன் மில்ஸ் நூலகம். விலாசத்துக்கு எந்தக் கடிதத்தை ஏற்பார்கள், ஸ்கான் பண்ண என்ன வசதி, ஒரு பக்கம் என்ன விலை என்று போய்க் கேளுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் எங்களிடம் சொல்லுங்கள், முதல் தடவை கூட வருவோம்.

பிள்ளைகளோடு வந்த குடும்பம்: பள்ளிக்கூடம் தொடங்கி இரண்டு மாதம் பாருங்கள். எத்தனை பக்கம் எடுத்தீர்கள் என்று ஒரு கொப்பியில் குறியுங்கள். கூடினால் கண்ணாடி ஸ்கானர் உள்ள கறுப்பு வெள்ளை லேசர். ஒரே வீட்டில் இரண்டு குடும்பம் இருந்தால் ஒன்றைச் சேர்ந்து வாங்கலாம், தாளும் ரோனரும் பங்கு.

வேலை அனுமதி கிடைத்து, துப்புரவு வேலையோ சின்னக் கணக்கு வேலையோ சொந்தமாய்ச் செய்பவர்: பில், ஒப்பந்தம், ரசீது எல்லாம் வாரா வாரம் போகும். லேசர் தயங்காமல் வாங்கலாம். பற்றுச்சீட்டைத் தொழிற் செலவாய் வைத்திருந்து வரிக் கணக்குச் செய்பவரிடம் காட்டுங்கள்.

எவராயிருந்தாலும்: கடைசி நாள் இரவுக்கு வேலையை விட வேண்டாம். வீட்டில் மெஷின் இருக்கிறது என்ற துணிவில்தான் கன பேர் பிந்துகிறார்கள். நூலகத்துக்கு மூடும் நேரம் உண்டு. வீட்டு மெஷினுக்கு மை முடியும் நேரம் உண்டு. இரண்டாவது எப்போது என்று ஒருவருக்கும் தெரியாது.

வீட்டுப் பயிற்சி

உங்களிடம் உள்ள மூலப் பத்திரங்களை இன்றைக்கு ஒரு மேசையில் பரப்புங்கள். ஒவ்வொன்றிலும் சீல் எங்கே, கையெழுத்து எங்கே, திகதி எங்கே என்று விரலால் தொட்டுப் பாருங்கள். பிறகு உங்கள் பிரதிகளை எடுத்து, அதே மூன்றும் அதிலும் இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கத்தையும் திருப்புங்கள், சில சீல்கள் பின்பக்கத்தில் இருக்கும். ஒன்றாவது குறைந்தால் அந்தப் பத்திரத்தைத் திரும்பப் பிரதி எடுங்கள். பத்து நிமிட வேலை.

அந்தத் தம்பி பிறகு ஒருநாள் வந்தார். மெஷினை என்ன செய்தீர் என்று கேட்டோம். "திருப்பிக் குடுத்திட்டன் அண்ணை. பில் இருந்தது" என்றார். பிறகு தன் பையைத் திறந்து தகப்பனாரின் பத்திரத்தைக் காட்டினார். தெளிவான பிளாஸ்ரிக் உறைக்குள், மடிப்பு நிமிர்த்தி, சீல் மேலே தெரிய வைத்திருந்தார்.

சந்தேகம் இருந்தால் உங்கள் பத்திரங்களோடு எங்கள் மேசைக்கு வாருங்கள். மூலத்தை வீட்டில் பத்திரமாய் வைத்துவிட்டுப் பிரதியைக் கொண்டுவந்தால் போதும்.